டிவி தின்ற கண்

அப்பாவின் காரியம் முடிந்த மறுநாள், நம் பள்ளி வாட்ஸப் குழுவில் நீங்கள் எழுதியதையெல்லாம் உட்கார்ந்து படித்தேன். கும்பிட்ட கைகள், பூமாலை, மெழுகுவத்தி. அவருடைய பழைய படம் ஒன்றையும் யாரோ தேடி எடுத்துப் போட்டிருந்தீர்கள். கம்பளிக் கோட்டும் மப்ளருமாகப் பள்ளி வாசலில் நிற்கிறார். அதன் கீழே உங்களில் ஒருவர் எழுதியிருந்தார்: "பேரப்பிள்ளை கையிலிருந்து போனைப் பிடுங்க முடியாமல் இன்றைக்கு நாம் தவிக்கிறோம். சார் அன்றைக்கே சொன்னார். பெற்ற மகளின் கண்ணையே நமக்குப் பாடமாக வைத்தார். அப்படி ஒரு தகப்பன் இனிப் பிறக்கப்போவதில்லை." அதற்கு ஏகப்பட்ட இதயங்கள்.

நான் பதில் போடவில்லை. கட்டைவிரலால் தட்டி முடிக்கிற விஷயம் இல்லை அது. ஐம்பதைத் தொட்டுவிட்ட நமக்குள் இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? அந்த ஒரு மழைக்காலத்தை மட்டும் சொல்கிறேன். உங்களில் பாதிப் பேர் அதன் கடைசியில் நடந்த கூட்டத்தில் பாயில் உட்கார்ந்திருந்தவர்கள்தான்.

எங்கள் குவார்ட்டர்ஸ் உங்களுக்கு நினைவிருக்கும். பிக்கட்டிக்குக் கீழே, தேயிலை எஸ்டேட் பள்ளிக்குப் பின்னால், தகரக் கூரையும் சிவப்புச் சிமெண்டுத் தரையுமாக. அப்பா, அம்மா, நான், என்னைவிட மூன்று வயது சின்னவளான தங்கை. மூன்றாம் வகுப்பில் இருந்தாள். அப்பா அவளை அம்முணி என்றுதான் கூப்பிடுவார். அவர் பாடம் எடுத்த பள்ளியிலேயே நாங்களும் படித்ததால், மணி அடித்துவிட்டால் அவரை நாங்களும் சார் என்றே சொல்ல வேண்டும். மறந்துபோய் அப்பா என்று சொன்னதற்கு ஒருமுறை அவள் வகுப்பு முடியும்வரை நின்றிருக்கிறாள்.

அந்த ஆனி மாதம் எங்கள் வீட்டுக்கு டிவி வந்தது. கறுப்பு வெள்ளை. மரப்பெட்டிக்குள் வைத்து, இரண்டு பக்கமும் இழுத்துச் சாத்திப் பூட்டுகிற கதவு. சாவி அப்பாவின் சட்டைப்பையில் சிவப்புப் பேனாவோடு இருக்கும். நம் குந்தா மலைப் பக்கத்து மழை உங்களுக்குத் தெரியாததல்ல. துணி காயாது, தீக்குச்சி பற்றாது. காற்றடித்தால் கூரைமேல் ஆண்டெனா முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அம்மா கோணிச்சாக்கைத் தலைக்கு மடித்துப் போட்டுக்கொண்டு வெளியே போய், மூங்கில் கம்பைப் பிடித்துத் திருப்புவாள். "வந்துருச்சுங்களா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். படம் வந்ததும், சாரல் உள்ளே அடிக்கக் கூடாதென்று அப்பா வாசல் கதவைச் சாத்திவிடுவார். அம்மா வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கமாகச் சமையலறைக்கு வந்து, நனைந்த புடவையோடு எங்களுக்கு டீ போடுவாள். அவள் அந்த டிவியில் ஒரு படத்தையும் முழுதாகப் பார்த்ததாக எனக்கு ஞாபகமில்லை.

டிவி வந்த கொஞ்ச நாளில், கோயம்புத்தூரில் எலக்ட்ரிக்கல் கடையில் வேலை பார்த்த மாமா, அம்மாவின் தம்பி, ஒரு வீடியோ கேம் வாங்கிக்கொண்டு வந்தார். கறுப்புப் பெட்டி. அதன் தலையில் கேசட்டைச் செருக வேண்டும். ஒயர் வைத்த இரண்டு கைப்பிடிகள். கார் ஓடும், பறவைகள் பறக்கும், சிறு பீரங்கிகள் ஒன்றையொன்று சுடும். சுடும்போது வருகிற ஓசை தகரத்தில் ஆலங்கட்டி விழுகிற மாதிரி இருக்கும். அதில் என் தங்கையை ஜெயிக்க ஆள் கிடையாது. ஃபேக்டரி ஆபீசரின் மகன்கள் இரண்டு பேரையும் தோற்கடித்துக் குவார்ட்டர்ஸ் முழுக்கப் பெயர் வாங்கினாள்.

ஆனால் அவள் டிவிக்கு ஒரு சாண் தூரத்தில் உட்கார்ந்துதான் ஆடுவாள். மூக்கு டிவித் திரையில் பட்டுவிடும்போல இருக்கும். சூடேறிய டிவிக் கண்ணாடி அவள் நெற்றி முடியை இழுக்கும். முடி ஒவ்வொன்றாக எழுந்து நிற்கும். முகத்தில் எறும்பு ஊருகிற மாதிரி இருக்குதக்கா என்று சிரிப்பாள். படம் பார்க்கும்போதும் அப்படித்தான். பின்னால் இருப்பவர்களுக்கு அவள் தலை மறைக்கும். அப்பா இழுத்துப் பின்னால் உட்கார வைப்பார். கொஞ்ச நேரத்தில் தேய்ந்து தேய்ந்து முன்னால் போய்விடுவாள்.

அப்பாவுக்கு டிவி பிடிக்கும். கிரிக்கெட் இருந்தால் ஞாயிற்றுக்கிழமை அதன் முன்னாலிருந்து எழுந்திருக்கவே மாட்டார். ஆனால் பிள்ளைகளுக்கு அது விஷம் என்று அவர் உறுதியாக நம்பினார். பேப்பரில் அதைப் பற்றி வருவதையெல்லாம் சாப்பிடும்போது எங்களுக்கு வாசித்துக் காட்டுவார். அந்தச் சமயம் பார்த்துத் தங்கையின் மார்க்கும் இறங்கியது. கரும்பலகையில் இருப்பதைத் தப்பும் தவறுமாக எழுதிக்கொண்டு வந்தாள். ஏழு என்பதை ஒன்று என்றும், எட்டு என்பதைப் பூஜ்யம் என்றும் எழுதினாள். ஒன்றாவது, இரண்டாவதில் டீச்சர் வாயால் சொல்லிக்கொடுத்ததைக் காதால் கேட்டே முதலாவதாக வந்தவள் அவள். மூன்றாவதில்தான் பலகையைப் பார்த்து எழுத வேண்டும். இதெல்லாம் இன்றைக்கு எனக்கு வரிசையாகத் தெரிகிறது. அன்றைக்கு அப்பாவுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். டிவி வந்தது, பிள்ளை கெட்டது.

பள்ளியிலிருந்து ஒரு சாக்பீஸ் கொண்டுவந்து, டிவியிலிருந்து தள்ளித் தரையில் குறுக்காக ஒரு கோடு போட்டார். யாரும் அதைத் தாண்டக் கூடாது. தங்கை தாண்டினாள். முட்டி போட வைத்தார். மறுபடி தாண்டினாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவின் பழைய புடவை ஒன்றை எடுத்து, அவளை நாற்காலியோடு சேர்த்துக் கட்டி, சுவரோரமாகக் கோட்டுக்கு அப்பால் வைத்தார். இறுக்கிக் கட்டவில்லை. வலிக்கக் கூடாது, பழக்கம்தான் வர வேண்டும் என்றார். கட்டி முடித்துவிட்டு அவள் தலையைத் தடவியும் கொடுத்தார். அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு நின்றாள்.

அங்கிருந்து அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. வெள்ளையாக ஒரு வெளிச்சம், அவ்வளவுதான். அதை அவள் அப்பாவிடம் சொல்லவில்லை. எல்லோருக்கும் அப்படித்தான் தெரியும் என்று அவள் நினைத்திருந்தாள். பக்கத்தில் போனால்தான் படம் வரும், மற்றவர்கள் நல்ல பிள்ளைகள் என்பதால் வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டு பேசாமல் இருக்கிறார்கள் என்று. இதை ரொம்ப காலம் கழித்து, அவளுக்குக் கல்யாணமான பிறகு, என்னிடம் சொன்னாள்.

நான் அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, இப்ப ஒரு அம்மா அழுவறாங்க, இப்ப மோட்டார்சைக்கிள்ல ஒருத்தன் வாரான் என்று மெதுவாகச் சொல்வேன். அப்பா அதையும் நிறுத்தினார்.

அதன் பிறகு வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் சொல்ல வேண்டும். நல்ல மழை. ஃபேக்டரி ஆபீசர் குடும்பத்தோடு படம் பார்க்க வந்திருந்தார். அம்மா வறுத்த உருளைக்கிழங்கு கொடுத்தாள். வீடெல்லாம் ஈரக் குடைகளின் நாற்றம். படம் ஓடிக்கொண்டிருந்தபோது ஆபீசரின் மனைவி, நாற்காலியில் கட்டி வைத்திருந்த என் தங்கையைப் பார்த்துவிட்டு, எதுக்குங்க சார் கொழந்தையை இப்படி என்று கேட்டாள். அப்பா விளக்கினார். அடம் என்றார். ஒரு சாண் தூரத்தில் உட்கார்ந்தால்தான் ஆயிற்று என்கிற பிடிவாதம், டிவிப் பைத்தியம் பிடித்த பிள்ளைகள் இப்படித்தான் ஆகும் என்றார். பிறகு, இங்கிருந்தே அவளுக்கு எல்லாம் தெரிகிறது என்று நிரூபிக்கிற மாதிரி அவள் பக்கம் திரும்பினார்.

"அம்முணி, இப்ப என்ன ஓடுது, சொல்லு."

டக் டக் டக் என்று சத்தம் வந்துகொண்டிருந்தது. அவள் தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"குதிரைங்கப்பா."

யாரோ தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தார்கள். கோயில் காட்சி. எல்லோரும் சிரித்துவிட்டார்கள். ஆபீசரின் பையன்கள் குதிரை, குதிரை என்று தரையில் உருண்டார்கள். அப்பாவும் முதலில் சிரித்தார். மறுபடி கேட்டார். இப்ப? பாட்டு ஆரம்பித்திருந்தது. பொம்பளை ஆடறாங்க என்றாள். திரையில் ஒரு ஆற்றைக் காட்டிக்கொண்டிருந்தார்கள், ஆள் யாரும் இல்லை. மறுபடி சிரிப்பு. தன்னை எல்லோர் முன்னாலும் கேலி செய்கிறாள் என்று அப்பா எடுத்துக்கொண்டார். எழுந்து போனார்.

"நடிக்கறயா?"

கேட்டபடியே அறைந்தார். வலது கை. அவளுடைய இடது கண்ணோரத்தில், நெற்றிப்பொட்டில் விழுந்தது. கட்டியிருந்ததால் அவளால் முகத்தை ஒதுக்க முடியவில்லை. நாற்காலி சுவரில் இடித்தது. ஆபீசர், விடுங்க சார், சின்னப் புள்ளைதானுங்க என்றார். படம் முடிகிறவரை எல்லோரும் பார்த்தோம்.

சில நாளில் அவள் என்னிடம், இந்தக் கண்ணில் மின்மினிப் பூச்சி பறக்கிறது என்றாள். கண்ணை மூடினாலும் பறக்கிறதாம். நான் அம்மாவிடம் சொன்னேன். அம்மா அப்பாவிடம் சொன்னாள். அப்பா கலங்கித்தான் போனார். கேம் ஆடி ஆடி வெளிச்சம் கண்ணுக்குள்ளேயே தங்கிவிட்டது, நான் சொன்னபோது யார் கேட்டீர்கள் என்றார். கேமைப் பெட்டியோடு ஃபேக்டரி பாய்லர்காரரிடம் கொடுத்து நெருப்பில் போடச் சொன்னார். டிவியைப் பூட்டினார். கண்ணுக்கு ஓய்வு கொடுக்க வேண்டுமென்று, பள்ளி விட்டு வந்ததும் அவளைச் சாமான் அறையில் ஜன்னலைச் சாத்தி உட்கார வைத்தார். நந்தியாவட்டைப் பூவை நனைத்துக் கண்மேல் வைத்துத் துணியால் கட்டினார். தினமும் அவரே கட்டினார். பக்கத்து அறையில் அப்பாவுக்கு மட்டும் கிரிக்கெட் ஓடும், சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்துவிட்டு. அவளுக்குக் கேட்டால் ஆசை வருமே என்று.

சாமான் அறையில் வெங்காயமும் மண்ணெண்ணெயும் நாறும். நான் கதவருகே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவேன். ஒரு நாள் உள்ளேயிருந்து, "அக்கா, இந்தக் கண்ணுக்குள்ள ஆரோ கருப்புத் துணி தொங்கவுட்டுட்டாங்க. கீழருந்து ஏறிட்டே வருது" என்றாள். பயந்த குரல் இல்லை. மழை நின்றுவிட்டது என்று சொல்கிற மாதிரிதான் சொன்னாள்.

அதை மறுபடி அப்பாவிடம் சொன்னபோது, இருட்டில் இருந்தால் கறுப்பாகத்தானே தெரியும் என்றார்.

அம்மாவே ஒரு நாள் கண்டுபிடித்தாள். தங்கை ஒருக்களித்துத் திறந்திருந்த கதவில் நேராகப் போய் இடது பக்கம் மோதிக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் ரசத்தைத் தட்டுக்கு வெளியே ஊற்றினாள். அம்மா அவளை அடுப்படிக்குக் கூட்டிப்போய், வலது கண்ணைத் தன் உள்ளங்கையால் பொத்தி, இது எத்தனை விரல் என்று கேட்டாள். "எதுங்கம்மா?" என்றாள் தங்கை.

அப்பா அப்போது ஊட்டியில் வாத்தியார்களுக்கான பயிற்சிக்குப் போயிருந்தார். அம்மா அவரைக் கேட்காமல் எங்கேயும் போனவள் இல்லை. மறுநாள் காலையில் எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு, கோயம்புத்தூர் பஸ் பிடிக்க மஞ்சூருக்குப் போனாள். மண் சரிந்து ரோடு அடைபட்டிருந்தது. திரும்பி வந்தோம். அதற்கடுத்த நாளும் அப்படியே. மூன்றாம் முறை போனபோது பஸ் கிடைத்தது. கோயம்புத்தூரில் மாமா வந்து கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார்.

டாக்டர் ஒரு பெண். அம்மா வயதுதான் இருக்கும். வெகுநேரம் பார்த்தார். சொட்டு மருந்து விட்டு மறுபடி பார்த்தார். அம்மா தானாகவே, டிவிக்குப் பக்கத்துலயே உட்கார்ந்து பார்ப்பாளுங்க, கேம் ஆடுவாளுங்க, அதனாலதானுங்களே என்று கேட்டாள். டாக்டர் சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

"பக்கத்துல உட்கார்ந்ததால கண்ணு போகலைம்மா. கண்ணு தெரியாததாலதான் பக்கத்துல உட்கார்ந்திருக்கா. பொறந்ததுலருந்தே இப்படித்தான் இருந்திருக்கும். ஒரு கண்ணாடி போட்டிருந்தா போதும்."

பிறகு இன்னொன்று கேட்டார். இவ்வளவு பலவீனமான கண்ணில் உள்ளே இருக்கும் சவ்வு மெல்லியதாக இருக்கும், அடிபட்டால் கிழிந்துவிடும். தலையில், கண்ணோரத்தில், எங்கேயாவது அடிபட்டதா?

அம்மா என்னைப் பார்த்தாள். தங்கையைப் பார்த்தாள்.

"கட்டில்லருந்து உழுந்துட்டாளுங்க" என்றாள்.

உடனே வந்திருந்தால் ஒட்ட வைத்திருக்கலாம் என்றார் டாக்டர். இருந்தாலும் ஆபரேஷன் செய்தார்கள். இடது கண் வரவில்லை. வலது கண்ணுக்குத் தடிமனான ஒரு கண்ணாடி கொடுத்தார்கள்.

அப்பா தகவல் தெரிந்து மறுநாள் வார்டுக்கு வந்து சேர்ந்தார். பயிற்சிக்குப் போட்டுக்கொண்டு போன அதே சட்டை, கையில் ஆரஞ்சுப் பை. தங்கையின் கண்ணில் போட்டிருந்த கட்டைப் பார்த்ததும் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். அவர் உதடு துடித்ததை நான் பார்த்தேன். உங்களுக்கு அவர் கொடுமைக்காரராகத் தெரிய வேண்டும் என்பதற்காக இதை மறைக்க மாட்டேன். வெகுநேரம் அவள் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்புறம் அம்மாவைக் கேட்டார்.

"டாக்டரம்மா டிவியைப் பத்தி என்ன சொன்னாங்க?"

அம்மா ஆரஞ்சை உரித்துக்கொண்டிருந்தாள். ஒரு சுளையைப் பிரித்துத் தங்கையின் கையில் வைத்தாள்.

"இனிமே பாக்கவே கூடாதுன்னாங்க" என்றாள்.

பயமா, பரிதாபமா என்று நான் பல வருஷம் யோசித்திருக்கிறேன். அம்மா போய்ச் சேருகிறவரை அவளிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டாள்.

ஊருக்குத் திரும்பும்போது நால்வரும் பஸ்ஸில் வந்தோம். வானம் வெளுத்திருந்தது. தங்கை ஜன்னலோரம் புதுக் கண்ணாடியோடு உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். மலை ஏறத் தொடங்கியதும் என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அக்கா, கம்பத்துக்குக் கம்பம் கம்பி போவுது."

ஆமாம், கரெண்டுக் கம்பி, முன்பு பார்த்ததில்லையா என்றேன். கம்பம் சும்மா நிற்கிறது என்று நினைத்திருந்தாளாம். பிறந்தது முதல் குந்தாவில் இருப்பவள். திரும்பின பக்கமெல்லாம் மின்சாரக் கோபுரமும் கம்பியுமாக இருக்கிற ஊர். முன் சீட்டிலிருந்த அப்பா திரும்பிப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"பாத்தயா, டிவி பாக்கறத நிறுத்துனதும் இருக்கற கண்ணு எப்படித் தெளிஞ்சிருச்சு" என்று அம்மாவிடம் சொன்னார்.

ஐப்பசியில் பெற்றோர் கூட்டம் நடந்தது. நீங்கள் வந்திருந்தது இதற்குத்தான். பள்ளி ஹாலில் பாய் விரித்து, தொழிலாளர் லைன் வீடுகளிலிருந்து அப்பா அம்மாக்கள், முன்னால் நாம். அப்பா நன்றாகப் பேசுவார். அன்றைக்கு அதைவிட நன்றாகப் பேசினார். பிள்ளைகளைப் பெற்றால் போதாது, காவல் காக்க வேண்டும் என்றார். நான் வாத்தியாராக இருந்தும் காக்கத் தவறினேன் என்றார். என் மகளின் ஒரு கண்ணை டிவி தின்றுவிட்டது, உங்கள் பிள்ளைகளின் கண்ணையாவது காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்றார். பிறகு தங்கையை மேடைக்குக் கூப்பிட்டார். அவள் ஏறும்போது படி தெரியாமல் தடுமாறினாள். முன்வரிசையில் யாரோ உச்சுக் கொட்டினார்கள். எல்லோருக்கும் தெரிவதற்காக, அவள் கண்ணாடியைக் கழற்றச் சொன்னார். கழற்றினாள்.

"அம்முணி, கண்ணு எப்படிப் போச்சுன்னு எல்லாருக்கும் சொல்லு."

"டிவி பாத்துப் பாத்துப் போயிருச்சுங்க சார்."

அப்பா அழுதார். நிஜமாகவே அழுதார், தோள் குலுங்க. பொம்பளைகளும் அழுதார்கள். நீங்கள் நினைவில் வைத்திருக்கிற கூட்டம் அதுதான். அந்த வாரம் லைன் வீடுகளில் எத்தனை பேர் டிவிக்குப் பக்கத்தில் போனதற்காக விறகுக் கட்டையாலும் பெல்ட்டாலும் அடி வாங்கினீர்கள் என்பதை நீங்களே அறிவீர்கள். தொடையில் தடிப்போடு வகுப்புக்கு வந்து, உட்கார முடியாமல் நின்றபடியே பாடம் எழுதியவர்கள் உங்களில் உண்டு. அதை வேடிக்கைக் கதையாகக் குழுவிலும் போட்டிருக்கிறீர்கள். மற்ற எஸ்டேட் பள்ளிகளிலிருந்தும் அப்பாவைப் பேசக் கூப்பிட்டார்கள். சோலூர் பக்கம்கூடப் போனார். போகிற இடமெல்லாம் தங்கையையும் கூட்டிப்போனார். ஐந்தாவது முடிகிறவரை அவள் அதே வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

உங்கள் செய்திகளைப் படித்த அன்று சாயங்காலம் அவளுக்குப் போன் செய்தேன். இப்போது மேட்டுப்பாளையத்தில் இருக்கிறாள், கணவனும் இரண்டு பையன்களுமாக. குழுவில் வந்ததை வாசித்துக் காட்டினேன். நடந்ததை எழுதட்டுமா என்றேன். எழுதுங்கக்கா என்றாள். அப்போதுதான் இத்தனை வருஷம் கேட்காததைக் கேட்டேன். டாக்டர் சொன்னபோது நீயும் அவர் முன்னால்தானே உட்கார்ந்திருந்தாய், எல்லாம் உனக்கும் கேட்டிருக்குமே, பின்பு ஏன் மேடையில் அப்படிச் சொன்னாய் என்று. அம்மா சொல்லச் சொன்னாளா?

"அம்மா ஒண்ணுஞ் சொல்லலக்கா" என்றாள். "அப்பா எனக்கு எடது பக்கம் நின்னுட்டு இருந்தாருல்ல. அந்தப் பக்கம் எனக்கு ஒண்ணுமே தெரியாது. அவரு கை எங்க இருக்குது, வருதா வரலயான்னு தெரியல. அதான் சொல்லிட்டேன்."